அறுபத்தொரு வீடுகள், இரண்டு தடவை

ஹார்லன்ஸ் ஃபோர்க், ஒஹாயோ
ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை

என் அருமை மகள் ட்ரினாவுக்கு,

அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் தேறிவிட்டது, ஊன்றுகோலை வீசிவிட்டுத் தக்காளிச் செடிகளோடு பேசிக்கொண்டிருக்கிறார், என்னோடு பேசுவதைவிட அவற்றோடு அதிகம் பேசுகிறார். உடம்பளவில் என்று நான் எழுதியதை நீ பிடித்துக்கொள்வாய் என்று தெரியும். உனக்கும் தம்பிக்கும் நடுவுல என்னம்மா நடந்ததுன்னு மூன்று ஞாயிறாக ஃபோனில் கேட்கிறாய், மூன்று தடவையும் நான் ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன். காகிதத்தில் அழுதால் துடைத்துவிட்டு எழுதலாம், அதனால் எழுதுகிறேன்.

நோலன் வியாழக்கிழமை காலை கிளம்பிவிட்டான். நெவாடாவில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. மருமகள் பெத்தனியும் பேத்தி வில்லாவும் முன் இருக்கையில் அவனோடு, பின்னால் வாடகை லாரிப் பெட்டி நிறையச் சாமான். வழிக்குச் சாப்பிட ஒரு பெட்டி நிறையக் கோழி சாண்ட்விச் செய்து கொடுத்தேன், வாங்கிக்கொண்டான், தேங்க்ஸ்மா என்றான். பெத்தனி என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைக் குறை சொல்லவில்லை, என் இடத்தில் அவள் இருந்து அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சாண்ட்விச்சைக்கூட வாங்கியிருக்க மாட்டேன். வில்லா மட்டும் ஜன்னலில் கையை ஒட்டவைத்துக்கொண்டு திருப்பம் வரை பார்த்துக்கொண்டே போனாள். எட்டு வயது, மேல்வரிசைப் பல் இரண்டு விழுந்திருக்கிறது, முளைப்பதை நான் பார்க்கப் போவதில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். போன குளிர்காலத்தில் பள்ளி வரியை மறுபடியும் ஓட்டுக்கு விடப்போவதாக அறிவித்தார்கள். ராணுவத்துக்குப் பீரங்கி வாங்க யாரும் நம்மளைக் கேக்கறதில்ல, பிள்ளைகளுக்கு ட்ரம்பெட் சொல்லிக்கொடுக்க மட்டும் ஊரைக் கூட்டி ஓட்டுக் கேக்கணும்னு அப்பா ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பாரே, இந்தத் தடவையும் முணுமுணுத்தார். மே மாத ஓட்டில் வரி தோற்றால் என்னென்ன போகும் என்று பள்ளி வாரியம் ஒரு பட்டியல் போட்டது. உயர்நிலைப் பிள்ளைகளுக்குப் பஸ் கிடையாது, சின்னப் பள்ளியின் சமையலறை மூடப்படும், பாட்டு வகுப்பும் வாத்தியக் குழுவும் போய்விடும். பட்டியலின் அந்த மூன்றாவது இடத்தில் பாட்டு வாத்தியாராக நம் நோலன் இருந்தான். இரண்டாவது இடத்தில் நான் இருபத்துநாலு வருஷம் நின்று சமைத்த அடுப்பு இருந்தது. ஓய்வு பெற்றவள் சும்மா இருந்திருக்கலாம், எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. பள்ளிக் கண்காணிப்பாளர் ரைன்ஹார்ட் கூப்பிட்டு, வெர்னா, இந்த ஊர்ல உங்க கையால சாப்பிடாத ஆளே கிடையாது, நீங்க வாசல்ல போய் நின்னா கதவு திறக்கும்னு சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மில் தெருவும் ஆற்றங்கரைச் சாலையுமாக அறுபத்தொரு வீடுகளை ஓட்டுக் கேட்க எனக்கு ஒதுக்கினார்கள்.

பனி உருகாத மார்ச்சில் அறுபத்தொரு வீட்டுக்கும் நடந்தேன். கதவைத் திறக்கிறவர் முகத்தைப் பார்த்ததுமே அவர் சின்ன வயதில் எதைத் தட்டில் ஒதுக்கிவைப்பார் என்று ஞாபகம் வந்துவிடும், பட்டாணி, பீட்ரூட், வெண்ணெய் தடவாத ரொட்டி. எல்லோரிடமும் ஒரே பேச்சுத்தான் பேசினேன், இது புது வரி இல்லை, இருக்கிற வரியின் காலம் முடிகிறது, அதை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றைப் போடுகிறார்கள், ஒரு சென்ட்கூடக் கூடாது. வீட்டுக்கு ஓர் அட்டையில் என் கைப்பட அதையே எழுதியும் கொடுத்தேன். ஓட்டுச்சீட்டில் இருந்த சொல் மாற்று வரி. நான் அதைப் பார்த்தேன் ட்ரினா, பார்க்காமல் இல்லை. ஃப்யூஸ் போன பல்பைக் கழற்றிவிட்டு அதே அளவில் வேறு பல்பு மாட்டுகிறோமே, அதுதான் மாற்று என்று எடுத்துக்கொண்டேன். அறுபத்தாறு வயதில், இத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டவள், ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் அறுவை முடிந்த சமயம், அதனால் அவருக்குத் தபாலில் ஓட்டுச்சீட்டு வந்தது. ஏப்ரல் முதல் வாரம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முழுவதும் வாசித்தார், நம்ம வரி கூடும்போல இருக்கேன்னு சொன்னார். உங்களுக்கு மாத்திரை மயக்கம் என்று சொல்லிவிட்டு, அவர் வாயை அடைக்கவே மாவட்ட வரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாக விளக்கினாள். புதுப்பிக்கிற வரி வேற, மாற்று வரி வேறம்மா, புதுப்பிச்சா பழைய நில விலைக்கே வரி, மாற்றுன்னா இன்னைக்கு என்ன விலையோ அதுக்கு வரி, உங்க வீட்டுக்கு வருஷம் நூத்தி முப்பது டாலர் கூடும், நிலம் வச்சிருக்கிறவங்களுக்கு நிறையவே கூடும். ஃபோனை வைத்துவிட்டு அடுக்களை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தொரு வீட்டில் என் முகத்தை வைத்துப் பொய் விற்றிருக்கிறேன்.

நேராக ரைன்ஹார்ட்டிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார், சாத்தும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெர்னா, நாங்க எங்கயும் பொய் சொல்லல, ஓட்டுச்சீட்டுல சரியாத்தான் போட்டிருக்கு, நீங்க உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி சொன்னீங்க, ஜனங்களும் நம்பறாங்க, இது நல்ல காரியம்தானே, இன்னும் ஒரு மாசம், அப்படியே விட்டுடுங்கன்னு சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மேஜைமேல் பஸ் ஓட்டுநர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு தூக்கம் இல்லாத கண்ணோடு இருந்தார். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பால் பாக்கெட்டை எடுத்து ஒளித்துவைத்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், இன்னொன்று கொடுப்பேன், ஆனால் எடுத்ததை ஒப்புக்கொள்ளச் செய்வேன். அப்படி நான் வளர்த்தவர்களின் வீட்டு வாசலில்தான் பொய்யோடு போய் நின்றிருக்கிறேன்.

நோலனிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவன் வேண்டாம் என்று சொல்வான், அவன் சொன்னால் நான் கேட்டுவிடுவேன், அந்தப் பயம். இது என் இரண்டாவது தப்பு, ஒருவேளை இதுதான் பெரிய தப்போ என்னவோ.

அந்த வியாழக்கிழமை பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்கூட்டம். மடக்கு நாற்காலி போதாமல் படிக்கட்டு இருக்கையிலும் ஜனம். சேத் க்ரேமர் இருக்கிறானே, உனக்கு இரண்டு வகுப்பு கீழே, பீட்ரூட்டைக் கண்டால் கண்ணைமூடிக்கொள்வான், இப்போது கணக்குத் தணிக்கைக்காரன். அவன் எழுந்து கேட்டான், போன தடவை வாங்கின பணத்துல வகுப்பறைக்குச் செய்யறோம்னு சொன்னீங்க, செஞ்சது வண்டி நிறுத்தற இடத்துக்குத் தாரும் உங்க ஆபீசுக்கு ஏசியும், எங்கப்பன் மழை ஒழுகற கூரைக்குக் கீழ உக்காந்து வரி கட்டறான், நீங்க ஏசில உக்காந்து செலவு பண்றீங்க. ரைன்ஹார்ட் அது வேறு நிதி, கட்டடத்துக்கென்றே ஒதுக்கியது, அதைச் சம்பளத்துக்குத் தொடச் சட்டம் விடாது என்று விளக்கினார், அதுவும் உண்மைதான், ஆனால் ஜனத்துக்கு ஒரே ஒரு பாக்கெட்தான் தெரியும். பஸ் ஓட்டுகிற ரோஸெல்லா எழுந்து, ஏம்ப்பா சேத், உன்னைப் பதிமூணு வருஷம் பனியில ஏத்திட்டுப் போனேனே, அப்ப எவன் வீட்டு வரியிலடா வண்டி ஓடுச்சு, உங்கப்பன் மட்டுமா கட்டினான்னு கேட்டாள், கூடமே சிரித்தது. சேத்தும் சிரித்தான். எனக்கே கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது, இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே ஜெயித்துவிடுவோம் என்று தோன்றியது. அப்போதுதான் பின்வரிசையில் ஒரு குரல், இதுல சண்டை எதுக்கு, ஒரு சென்ட் கூடாதுன்னு வெர்னா எங்க வீட்டு வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனாங்க, வெர்னா சொன்னா எனக்குப் போதும்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரைன்ஹார்ட்டும் பார்த்தார், கெஞ்சுகிற மாதிரி. சுவரோரம் நோலன் தன் வாத்தியக் குழுப் பிள்ளைகளோடு நின்றிருந்தான், கூட்டம் முடிந்ததும் வாசிப்பதற்காக. பிள்ளைகள் கையில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் மினுமினுத்தன. நான் எழுந்தேன். நான் சொன்னது தப்பு, எனக்கு அந்தச் சொல் புரியல, வரி கூடும், எல்லாருக்கும் கூடும், என் வாயால சொன்னதால என் வாயாலயே சொல்றேன், ஆனா கூடினாலும் போடுங்க, பிள்ளைகளுக்காகப் போடுங்கன்னு சொன்னேன். கடைசிப் பாதி யார் காதிலும் ஏறவில்லை, அதற்குள் கூச்சல். நோலன் முகத்தை மட்டும் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. பிள்ளைகள் அன்றைக்கு வாசிக்கவில்லை, வாத்தியங்களை உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் அடுக்களைக்கு வந்து நின்றுகொண்டே பேசினான். அம்மா, ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே, அப்புறம் யார்கிட்ட வேணா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருக்கலாமே. கூட்டத்துக்கு வராதவர்கள் பாதிப்பேர் இருப்பார்களே என்ற கவலை வேறு அரித்தது. அதனால் மறுபடியும் அதே அறுபத்தொரு வீட்டுக்கும் போனேன், முதல் தடவை என்ன சொன்னேனோ அதைத் திருத்திச் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் அளவாகத்தான் பேசினேன், ஆற்றங்கரைச் சாலையின் கடைசியில் லீலண்ட் ஷூமேக்கர் வீட்டில் மட்டும் முடியவில்லை. சோளமும் சோயாவும் போடுகிறாரே, நம் ஆர்டித்தின் கணவர், ஆர்டித் இறந்து நாலு வருஷம் ஆகிறது. பள்ளி விழாவில் அவள் பியானோ வாசித்த படம் இன்னும் அவர் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் உடைந்துபோய்விட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன், ரைன்ஹார்ட் கதவைச் சாத்தியது, அப்படியே விட்டுடுங்கன்னு சொன்னது, என் பேரை வைத்து விளையாடிவிட்டார்கள் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மே மாதம் தீயணைப்பு நிலையத்தில் ஓட்டு. நானும் அப்பாவும் ஆம் என்றுதான் போட்டோம், இதை நீ நம்ப வேண்டும். பதினோரு ஓட்டில் தோற்றது. ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் பதினொன்று. அடுத்த வாரமே வாரியம் கூடிப் பட்டியலில் இருந்த மூன்றையும் நிறைவேற்றியது. பெத்தனி அன்றைக்கு ஃபோன் செய்து, இப்ப உங்க மனசாட்சி நிம்மதியாத் தூங்குதா அத்தை என்று கேட்டு வைத்துவிட்டாள், அதற்குப்பின் என்னோடு பேசவில்லை.

ஆனால் நோலன் வந்தான். இதை நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்தான், அவன் சாமான்களில் பள்ளி முத்திரை போட்டவற்றைத் தனியாகப் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தான். அடுக்களையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு மசியல்மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றி ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டான். அப்புறம் சொன்னான், நான் யோசிச்சுப் பார்த்தேன்மா, நீ செஞ்சது சரிதான், ஜனங்களுக்குத் தெரியாம அவங்ககிட்ட பணம் வாங்கி நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தா அது நல்லாவா இருந்திருக்கும், தெரிஞ்சுக்கிட்டாங்க, வேண்டாம்னாங்க, அது அவங்க உரிமை, அதுக்காகத்தான் என் வேலை போச்சுன்னா பரவாயில்ல. என் தோளில் கைவைத்துவிட்டுப் போனான். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் நான் எழுந்து நடமாடினேன். லாரி திருப்பத்தில் மறைந்தபோதுகூட அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

நேற்று காலை லீலண்ட் வந்தார். நோலன் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரி கொண்டுவந்தார், அவர் தோட்டத்துப் பழம், இந்த வருஷம் நல்ல சிவப்பு. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். வருத்தமா இருக்கு வெர்னா, ஆர்டித் இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்கமாட்டாள்னு ஆரம்பித்தார். பரவாயில்லை, உங்களுக்கு நிலம் அதிகம், வரி கூடுகிறது என்று தெரிந்தபிறகு யார்தான் ஆம் என்று போடுவார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வரிக்காக இல்ல வெர்னா, அது மாற்று வரின்னு எனக்கு பிப்ரவரியிலயே தெரியும், நிலம் வச்சிருக்கிறவன் பேப்பர்ல வரி விளம்பரம் வந்தா எழுத்து விடாம படிப்பான், ஆற்றங்கரைல எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுதான் ஆம்னு போடறதா இருந்தோம், நீ முதல் தடவை வந்து ஒரு சென்ட் கூடாதுன்னு சொன்னப்ப, பாவம், இவளுக்குத் தெரியலன்னு நினைச்சேன், சிரிச்ச முகமா வந்து நின்ன, உன்னைத் திருத்த மனசு வரல. எவ்வளவு கூடினாலும் கட்டிடலாம், ஆர்டித் வாசிச்ச பள்ளிக்கூடம்னுதான் இருந்தேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு ஏன் வேண்டாம் என்று போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீ ரெண்டாந்தடவை வந்து அழுதியே, எங்க பிள்ளைங்களுக்கு இருபத்துநாலு வருஷம் சோறு போட்டவளை இப்படி அழவச்ச ஆளுங்களுக்கு நான் எப்படி ஓட்டுப் போடறது, மறுநாள் காலைல விவசாயிங்க கூடற தானியக் கிடங்குக்குக் காப்பி குடிக்கப் போனப்ப எல்லார்கிட்டயும் சொன்னேன், வெர்னா பேரை வச்சு ஏமாத்திட்டானுங்கன்னு, ஒரு பத்துப் பன்னெண்டு பேர் இருந்தோம், எல்லாரும் ஒரே மாதிரி போட்டோம், உனக்காகத்தான் வெர்னா போட்டோம். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து ஸ்ட்ராபெர்ரியைக் கழுவினேன். கழுவின பழத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு அப்பா வந்து குழாயை மூடினார்.

இதுதான் நடந்தது. அவர்களுக்குத் தெரியும் ட்ரினா. நான் ஓடி ஓடிச் சொன்ன உண்மை அவர்களுக்கு முன்பே தெரிந்த உண்மை. என் பிள்ளையின் வேலையைக் கெடுத்தது வரி இல்லை, நான் சொன்ன உண்மைகூட இல்லை, என் அழுகை. அந்த ஒரு வீட்டில் மூன்று நிமிஷம் அழாமல் இருந்திருந்தால் நோலன் இன்றைக்கு இங்கே இருப்பான், வில்லா ஞாயிற்றுக்கிழமை பான்கேக் சாப்பிட வந்திருப்பாள். மனசு ஆறவே இல்லை. அப்பா, நீ எதையும் வேணும்னு செய்யலையேம்மான்னு சொல்கிறார், அந்த மனிதருக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது. நவம்பரில் மறுபடியும் வரி ஓட்டுக்கு வருகிறதாம், ரைன்ஹார்ட் ஆள் அனுப்பிக் கேட்டார், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஓட்டு மட்டும் போடுவேன், யார் வாசலுக்கும் போகமாட்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நோலன் புது ஊரில் தனியாக இருப்பான், ஞாயிறுதோறும் ஃபோன் செய், காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுவான், கேட்டுக்கொள். பெத்தனியிடம் என்னைப் பற்றிப் பரிந்து பேசாதே, வில்லாவுக்குப் பல் முளைத்ததா என்று மட்டும் கேட்டு எழுது. லீலண்ட் சொன்னதை அவனிடம் சொல்லாதே. ஜனங்கள் ஏமாந்திருந்தார்கள், அம்மா உண்மையைச் சொன்னாள், அதனால் வேண்டாம் என்று போட்டார்கள், அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை நினைத்துத்தான் அவனால் என் தோளில் கைவைக்க முடிந்தது. அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். ஊரறிய எழுந்து நின்று உண்மையைச் சொன்னவள் உன்னிடம் இப்படிக் கேட்கிறாளே என்று நினைப்பாய், நினைத்துக்கொள், ஆனால் சொல்லாதே.

நீ எங்கே இருந்தாலும் உன் கையும் காலும் சுகமாக இருக்கட்டும், உன் வேலை உன்னைவிட்டுப் போகாமல் இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் கதவைத் தட்டட்டும். அப்பா தன் ஆசிகளையும் தக்காளி பூத்துவிட்ட செய்தியையும் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒன்று, நீ எதையும் தூக்கிப்போடாதவள், என் கடிதத்தையெல்லாம் மேஜை டிராயரில் அடுக்கிவைப்பவள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் மூன்று பேரும் உன்னிடம்தான் வருகிறார்களாம். வில்லா இப்போது கையில் கிடைப்பதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், என் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். இதை மட்டும் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன்னை நினைக்காத நாள் இல்லாத,
உன் அம்மா
வெர்னா